ஒரே பத்தி, மூன்று வாசிப்பு: கருத்தறிதல், இலக்கிய நயம், இலக்கணம் மூன்றையும் மீள்பார்வை செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

தேர்வு நெருங்கும்போது தமிழ்ப் பாடத்தை மூன்று மூட்டையாகப் பிரித்துக் கட்டிக்கொள்வது மாணவர்களின் வழக்கம். உரைப்பத்தியைப் படித்து விடை எழுதும் கருத்தறிதல் ஒரு மூட்டை. செய்யுளுக்கு நயம் பாராட்டுவது இன்னொன்று. மூன்றாவது இலக்கணம்; பெரும்பாலும் கடைசி நாளுக்குத் தள்ளிவைக்கப்படுவது அதுதான். மூன்றுக்கும் தனித்தனி நோட்டு, தனித்தனி மனப்பாடம். ஆனால் மூன்றிலும் மாணவர் செய்ய வேண்டிய வேலை ஒன்றே: எழுதியவர் எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறார், அந்தச் சொல் அங்கே என்ன செய்கிறது என்று பார்ப்பது.

நம் இலக்கண மரபு இவற்றை இப்படிப் பிரித்து வைக்கவே இல்லை. தொல்காப்பியத்தில் எழுத்ததிகாரம், சொல்லதிகாரம் இரண்டோடும் பொருளதிகாரம் சேர்ந்தே இருக்கிறது. உவமையும் எதுகை மோனையும் பாட்டின் சூழலும் அங்கே இலக்கணமாகவே பேசப்படுகின்றன. பின்னால் வந்தவர்கள் எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி என்று ஐந்தாக வகுத்தபோதும் எல்லாவற்றுக்கும் இலக்கணம் என்ற ஒரே பெயர்தான். நாமும் அந்த வழியிலேயே போகலாம். இந்த வழிகாட்டிக்காக எழுதிய ஒரு சிறிய பத்தியையும் நான்கு அடிப் பாட்டையும் எடுத்துக்கொண்டு, அவற்றையே திரும்பத் திரும்ப வெவ்வேறு கண்ணோடு படிக்கப்போகிறோம். இதே முறையை உங்கள் பாடநூலின் எந்தப் பக்கத்துக்கும் நீங்கள் பொருத்திக்கொள்ளலாம்.

படி 1: மதிப்பெண் எங்கே போகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

மீள்பார்வை என்றால் முதல் பாடத்திலிருந்து மறுபடி படிப்பது என்று பலரும் எண்ணுகிறார்கள். அதில் பாதி நேரம் ஏற்கெனவே தெரிந்ததிலேயே கழிந்துவிடும். அதற்குப் பதிலாகத் திருத்தப்பட்ட பழைய விடைத்தாள் இரண்டு மூன்றை எடுத்து வையுங்கள். இல்லையென்றால் இதுவரை பார்க்காத ஒரு பத்தியை எடுத்து, நேரம் குறித்துக்கொண்டு, புத்தகத்தைத் திறக்காமல் விடை எழுதிப் பாருங்கள். பிறகு ஒவ்வொரு பிழைக்கும் பக்கத்தில் ஓர் எழுத்தைப் போடுங்கள்.

வினாவையே சரியாகப் படிக்கவில்லை என்றால் "வி". பத்தியில் இல்லாததைக் கற்பனையாக எழுதியிருந்தால் "க". விடை மனத்தில் இருந்தது, எழுத்தில் வரவில்லை என்றால் "எ". உண்மையாகவே தெரியாது என்றால் "தெ".

இதைச் செய்து பார்க்கும் மாணவர்கள் பெரும்பாலும் வியந்துபோகிறார்கள். "தெ" குறைவாகத்தான் இருக்கும். மற்ற மூன்றும் கவனத்தையும் பழக்கத்தையும் சேர்ந்தவை. புதிதாகப் படிக்க வேண்டியது "தெ" மட்டுமே. மற்றவற்றைப் பயிற்சியால் சரிசெய்ய வேண்டும். எத்தனை முறை பாடத்தை வாசித்தாலும் அவை போகாது.

படி 2: முதல் வாசிப்பு – பத்தி என்ன சொல்கிறது, என்ன சொல்லவில்லை

இந்தப் பத்தியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

"மணி நான்கு அடித்தபோதே செல்வி கூடத்து விளக்கைப் போட்டுவிட்டாள். வெளியே காற்றில் கிளைகள் ஒன்றோடொன்று உரசின. கொடியில் காய்ந்த துணிகளை அள்ளி நாற்காலியில் குவித்தாயிற்று. அப்பாவின் குடை மட்டும், நேற்று மாட்டிய இடத்திலேயே, கதவுக்குப் பின்னால் தொங்கியது. செல்வி அதைப் பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். மறுபடியும் வாசலுக்குப் போனாள்."

இப்போது பத்தியை மூடிவிட்டு ஒரு கேள்விக்கு விடை சொல்லுங்கள்: மழை பெய்துகொண்டிருந்ததா?

"ஆமாம்" என்று சொல்லத் தோன்றியிருந்தால் நீங்கள் மட்டும் அப்படிச் சொல்லவில்லை. பத்தியில் மழை என்ற சொல்லே கிடையாது. நான்கு மணிக்கே விளக்கு இருக்கிறது, காற்று இருக்கிறது, துணி எடுத்தாயிற்று, குடையும் வருகிறது. இவ்வளவையும் பார்த்ததும் நம் மனம் தானாகவே மழையைப் பெய்வித்துவிடுகிறது. "மழை வரும்போல் இருக்கிறது" என்பது சரியான ஊகம். "மழை பெய்கிறது" என்பது பத்தி சொல்லாதது. "க" என்று குறித்த பிழைகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

ஆகவே கருத்தறிதலில் எந்த வாக்கியத்தை எழுதினாலும் அது மூன்றில் எந்த வகை என்று கேட்டுப் பழகுங்கள். பத்தி நேராகச் சொன்னதா? சொன்னதிலிருந்து நியாயமாக ஊகிக்கக்கூடியதா? நான் சேர்த்துக்கொண்டதா? "குடை கதவுக்குப் பின்னால் தொங்கியது" என்பது முதல் வகை. "அப்பா குடை இல்லாமல் வெளியே போயிருக்கிறார்" என்பது இரண்டாவது. குடை வீட்டில் இருப்பதும் செல்வி வாசலைப் பார்ப்பதும் சேர்ந்து அதைச் சொல்கின்றன. "அப்பா அலுவலகத்துக்குப் போயிருக்கிறார்" என்பது மூன்றாவது. அவர் எங்கே போனார் என்பதற்குப் பத்தியில் ஒரு சொல்கூட இல்லை.

பயிற்சிக்கு எளிய வழி ஒன்று உண்டு. விடை எழுதியதும், அதற்கு ஆதாரமான சொல்லைப் பத்தியில் பென்சிலால் அடிக்கோடிடுங்கள். அடிக்கோடிட ஒரு சொல்லும் கிடைக்கவில்லை என்றால் அந்த விடையை அடித்துவிட வேண்டியதுதான். முதல் வாரம் இது எரிச்சலூட்டும். இரண்டாம் வாரத்தில் கை பென்சிலைத் தேடும் முன்பே கண் ஆதாரத்தைத் தேடத் தொடங்கிவிடும்.

இப்போது விளக்க வினாவுக்கு வருவோம். "செல்வியின் மனநிலையை விளக்குக" என்று கேட்டால், பலரும் எழுதும் விடை இப்படி இருக்கும்:

"செல்வி மிகவும் கவலையாக இருந்தாள். ஏனென்றால் அவளுக்கு அப்பாவின் மேல் பாசம் அதிகம்."

முதல் வாக்கியம் சரி. இரண்டாவது எங்கிருந்து வந்தது? பாசத்தைப் பற்றிப் பத்தி பேசவே இல்லை. இதே விடையை ஆதாரத்தோடு எழுதினால்:

"செல்வி தந்தையை எண்ணிக் கவலைப்படுகிறாள். வானிலை மாறிவரும் நேரத்தில் அவர் குடை வீட்டிலேயே இருக்கிறது. அவள் குடையையும் கடிகாரத்தையும் அடுத்தடுத்துப் பார்ப்பதும், ‘மறுபடியும்’ வாசலுக்குப் போவதும் அவளுடைய பதற்றத்தைக் காட்டுகின்றன."

"மறுபடியும்" என்ற சொல்லைப் பாருங்கள். இதற்கு முன்பும் அவள் வாசலுக்குப் போயிருக்கிறாள் என்பதை அந்த ஒரு சொல்தான் சொல்கிறது. நல்ல விடைக்கும் சுமாரான விடைக்கும் உள்ள தூரம் பல சமயம் இப்படி ஒரு சொல்லின் அகலம்தான்.

சொற்பொருள் வினாவில் அகராதிப் பொருளை மட்டும் எழுதி நிறுத்திவிடாதீர்கள். "அள்ளி" என்றால் "வாரி எடுத்து" என்று பொருள். அது போதாது. "எடுத்து" என்று எழுதியிருந்தால் என்ன மாறியிருக்கும் என்று கேளுங்கள். "மடித்து" என்று இருந்தால்? அள்ளிக் குவித்தாள் என்பதில் அவசரம் இருக்கிறது. மடித்து வைத்தாள் என்பதில் அது இல்லை. ஒரு சொல்லை மாற்றிப் போட்டுப் பார்க்கும் இந்த வழக்கம் மூன்று பகுதிகளுக்கும் பொதுவானது. ஆகவே அதை இங்கேயே பிடித்துக்கொள்ளுங்கள்.

தலைப்பு வினாவுக்கு ஒரே விதி போதும்: தலைப்பு பத்தி முழுவதையும் தாங்க வேண்டும். "குடை" கொஞ்சம் குறுகலானது. "மழைக்காலம்" வழிதவறிய தலைப்பு. "காத்திருப்பு" எல்லா வாக்கியங்களையும் தாங்கும். சுருக்கி எழுதும்போதும் இதே அளவுகோல்தான். எதை நீக்கினால் பத்தி சரிந்துவிடுமோ அதை வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம்.

படி 3: இரண்டாம் வாசிப்பு – நயம் என்பது பாராட்டுரை ஆகாது

இலக்கிய நயம் பாராட்டல் என்ற பெயரே மாணவர்களைக் குழப்பிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும். பாராட்டல் என்றதும் "கவிஞர் மிக அழகாக, அருமையாக, உள்ளத்தைத் தொடும் வகையில் பாடியுள்ளார்" என்று எழுதத் தொடங்கிவிடுகிறார்கள். இந்த வாக்கியத்தை எந்தப் பாட்டின் கீழும் வைக்கலாம். எங்கும் வைக்கக்கூடிய வாக்கியம் இந்தப் பாட்டைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

நான்கு அடிகள்:

கூடு கலைந்த மரத்தடியில்
குச்சி பொறுக்கும் சிறுகுருவி
வீடு இழந்தவர் போலன்று;
வீடு கட்டுபவர் போல.

முதலில் உரக்கப் படியுங்கள். இரண்டு தடவை. செய்யுளைக் கண்ணால் மட்டும் படிப்பவர்களுக்கு ஓசை நயம் ஒருநாளும் வசப்படாது. காதில் விழுந்ததும் கூடு, வீடு என்ற இரண்டும் ஒன்றையொன்று கூப்பிடுவது தெரியும். இரண்டாம் எழுத்து ஒன்றுவதால் அது எதுகை. கூடு, குச்சி என்று முதல் எழுத்தின் ஓசை இணைவதால் மோனை. "இப்பாடலில் எதுகை, மோனை அமைந்துள்ளன" என்று பெயர் சொல்லி நிறுத்துபவர்கள் ஏராளம். ஒரு படி மேலே போய், அந்த எதுகை எந்த இரண்டு சொற்களை இணைக்கிறது என்று கேளுங்கள். குருவியின் கூட்டையும் மனிதரின் வீட்டையும். பாட்டின் பொருளும் அந்த இரண்டையும்தான் இணைக்கிறது. ஓசை பொருளுக்குத் துணை நிற்கும் இந்த இடத்தைச் சுட்டிக்காட்டினால் அது நயம்.

அடுத்து அணி. உவமை இருக்கிறது, "போல" என்ற உருபும் வெளிப்படையாக இருக்கிறது. ஆனால் இங்கே உவமை இரண்டு முறை வருகிறது. முதலாவதைப் பாட்டே மறுத்துவிடுகிறது. நாம் இயல்பாக நினைப்பது "வீடு இழந்தவர்" என்றுதான். அந்த நினைப்பைப் பாட்டு முன்னால் கொண்டுவந்து, "அன்று" என்று விலக்கி, அடுத்த அடியில் "இழந்தவர்" இருந்த இடத்தில் "கட்டுபவர்" என்று வைக்கிறது. "வீடு" அப்படியே நிற்கிறது. கூட வரும் சொல் மட்டும் மாறுகிறது. நிலைமை ஒன்றுதான், பார்வைதான் மாறியது என்பதை அடியின் அமைப்பே காட்டுகிறது.

சொல் நயத்துக்கு மறுபடியும் சொல்லை மாற்றிப் போடும் பழக்கம். "கூடு கலைந்த" என்பதற்குப் பதில் "கூடு கலைத்த" என்று இருந்திருந்தால்? கலைந்த என்பது தன்வினை. கலைத்த என்பது பிறவினை. பிறவினை வந்துவிட்டால் யாரோ ஒருவர் கலைத்தார் என்று ஆகி, நம் மனம் அந்த யாரோவைத் தேடிப் போய்விடும். "கலைந்த" என்னும்போது குற்றவாளி யாரும் இல்லை. கண்ணுக்குத் தெரிவது குருவி மட்டும். ஒரு மெல்லெழுத்து வல்லெழுத்தாகியிருந்தால் பாட்டே வேறாகியிருக்கும். திருந்து, திருத்து, அடங்கு, அடக்கு, உருள், உருட்டு என்று இலக்கண வகுப்பில் எழுதிப் பழகிய அதே பாகுபாடுதான் இங்கே நயமாக வேலை செய்கிறது.

"பொறுக்கும்" என்பதையும் விட்டுவிடாதீர்கள். பொறுக்கியது என்றால் முடிந்துபோன செயல். பொறுக்கும் என்பதில் இன்னும் நடந்துகொண்டே இருக்கும் தன்மை இருக்கிறது. கடைசி அடியில் வினைமுற்று ஏதும் இல்லாமல் "போல" என்று நிற்பதும் அந்தத் தொடர்ச்சியோடு பொருந்துகிறது.

யாப்பு கேட்டால் அசை பிரிக்கத் தெரிய வேண்டும். இதற்குப் பலரும் தேவையில்லாமல் பயப்படுகிறார்கள். குறில் தனியாகவோ நெடில் தனியாகவோ வந்தால் நேர். அவற்றோடு ஒற்று, அதாவது மெய்யெழுத்து, சேர்ந்தாலும் நேர்தான். இரு குறில் இணைந்தோ, குறிலும் நெடிலும் இணைந்தோ வந்தால் நிரை. அவற்றின் பின் ஒற்று வந்தாலும் நிரையே. வாய்பாட்டை நினைவில் வைக்கத் தனி வழி தேடவேண்டாம். வாய்பாட்டுச் சொல்லே தன் அசையைச் சொல்லிவிடும். தே–மா நேர் நேர். புளி–மா நிரை நேர். கூ–விளம் நேர் நிரை. கரு–விளம் நிரை நிரை. மூன்றாவதாக நேரசை சேர்ந்தால் கடைசியில் காய், நிரையசை சேர்ந்தால் கனி.

நம் பாட்டில் பாருங்கள். கூ–டு தேமா, கலைந்–த புளிமா, மரத்–தடி–யில் கருவிளங்காய். அடுத்த அடி: குச்–சி தேமா, பொறுக்–கும் புளிமா, சிறு–குரு–வி கருவிளங்காய். இரண்டு அடிகளும் ஒரே நடையில் நடக்கின்றன. "வீடு இழந்தவர்" என்று மூன்றாம் அடி தொடங்கியதும் நடை மாறிவிடுகிறது: தேமா, கருவிளம், தேமாங்காய். காட்சி முடிந்து எண்ணம் தொடங்கும் இடமும் அதுதான்.

விடையாக எழுதும்போது ஒவ்வொரு நயத்துக்கும் மூன்று செய்திகள் வரட்டும்: நயத்தின் பெயர், பாட்டிலிருந்து அந்தச் சொல், அது பொருளுக்கு என்ன செய்கிறது என்பது. மூன்றாவதை விடாமல் எழுதுபவர்கள் மிகக் குறைவு. உங்கள் விடை தனித்துத் தெரிவதும் அந்த மூன்றாவதால்தான்.

அணிகளில் இரண்டு குழப்பங்களை மட்டும் தெளிவாக்கிவிட்டு நகர்கிறேன். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், அது உவமை. முகமலர் என்றால் முகமாகிய மலர், அது உருவகம். சொல்லின் வரிசையைப் பார்த்தால் போதும். அப்புறம் தற்குறிப்பேற்றம். நம் பத்தியில் "கிளைகள் ஒன்றோடொன்று உரசின" என்பது வெறும் நிகழ்ச்சி. "அவரை இன்னும் காணோமே என்று கிளைகள் தங்களுக்குள் முணுமுணுத்தன" என்று எழுதியிருந்தால், காற்றால் இயல்பாக நடந்த ஒன்றுக்கு எழுதியவர் தம் குறிப்பை ஏற்றிவிட்டார் என்று பொருள். இயல்பான நிகழ்ச்சி, அதன்மேல் ஏற்றிய காரணம். இரண்டும் இருந்தால்தான் அது தற்குறிப்பேற்ற அணி.

படி 4: மூன்றாம் வாசிப்பு – இலக்கணத்தைப் பத்திக்குள்ளேயே தேடுங்கள்

இலக்கண விதியைப் பட்டியலாகப் படித்தால் பட்டியலாகவே மறந்துபோகும். அதே பத்திக்கும் பாட்டுக்கும் திரும்பி வாருங்கள்.

விளக்கைப் போட்டு, அதைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள்: மூன்றிலும் "ஐ" என்ற இரண்டாம் வேற்றுமை உருபு வெளிப்படையாக இருக்கிறது, பின்னால் வல்லினம் வந்ததால் ஒற்று மிகுந்தது, அதாவது இடையில் அதே வல்லின மெய் கூடியது. கதவுக்குப் பின்னால், வாசலுக்குப் போனாள்: இங்கே "கு" என்ற நான்காம் வேற்றுமை உருபு. இந்த இரண்டு உருபுகளை மட்டும் சரியாகப் பிடித்தாலே ஒற்றுப் பிழைகளில் பெரும்பகுதி குறைந்துவிடும்.

அடுத்து, ஒற்று வராத இடம். "காய்ந்த துணிகளை" என்பதில் காய்ந்த என்பது பெயரெச்சம், ஒற்று மிகாது. "காய்ந்தத் துணி", "வந்தப் பையன்", "படித்தப் பாடம்" என்றெல்லாம் எழுதுவது மிகப் பரவலான பிழை. ஆனால் ஓடா, பேசா போன்ற ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் (ஓடாத, பேசாத என்பவற்றின் கடைசி எழுத்து நீங்கிய வடிவத்தின்) பின் மிகும்: ஓடாக் குதிரை, பேசாப் பொருள்.

பாட்டுக்குப் போனால் இன்னும் நுட்பமான இடம் இருக்கிறது. "குச்சி பொறுக்கும்" என்பதற்குக் குச்சியைப் பொறுக்கும் என்று பொருள். உருபு வெளியே இருந்தால் "குச்சியைப் பொறுக்கும்" என்று ஒற்று வரும். உருபு மறைந்தால் அது இரண்டாம் வேற்றுமைத் தொகை, ஒற்று வராது. "வீடு கட்டுபவர்" என்பதும் அப்படியே. "கூடு கலைந்த" என்பதில் கூடு எழுவாய். அதற்குப் பின்னும் மிகாது. பண்புத்தொகையில் ஒற்று மிகும் என்று படித்தவர் "சிறுகுருவி"யைப் பார்த்துத் திகைக்கலாம். "சிறு" என்பதன் பின் மிகுவதில்லை: சிறுகதை, சிறுதுளி, சிறுபொழுது.

ஒற்று என்பது வெறும் அலங்காரம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு சோடி வாக்கியங்கள். "வேலை கொடு" என்றால் செய்வதற்கு ஒரு பணி கேட்கிறார். "வேலைக் கொடு" என்றால் வேல் என்ற ஆயுதத்தைக் கேட்கிறார். "தந்த பலகை" யாரோ கொடுத்த பலகை; "தந்தப் பலகை" யானைத் தந்தத்தால் ஆனது. ஒற்று இல்லாவிட்டால் வாசகர் வேறொன்றைப் படித்துவிடுவார். ஒற்றுப் பிழைக்கு மதிப்பெண் குறைப்பது கண்டிப்புக்காக என்று எண்ணவேண்டாம்.

வினையெச்சத்துக்கு எளிய அடையாளம் உண்டு. உகரத்தில் முடியும் வினையெச்சத்தில் கடைசி எழுத்துக்கு முன்னால் வல்லின ஒற்று இருந்தால் பின்னாலும் வல்லினம் மிகும்: படித்துப் பார், எடுத்துக் கொடு, கேட்டுச் சொல். முன்னால் மெல்லினமோ இடையினமோ இருந்தால் மிகாது: வந்து பார், நடந்து சென்றான், செய்து கொடு. "ஓடிப் போனான்", "வரச் சொன்னாள்" என்று இகர, அகர ஈற்று வினையெச்சங்களின் பின் மிகும்.

"கிளைகள் உரசின" என்பதையும் கவனியுங்கள். "கிளைகள் உரசியது" என்று எழுதுவது பேச்சு வழக்கிலிருந்து வரும் பழக்கம். எழுவாய் பன்மை என்றால் வினையும் பன்மை. "ஒவ்வொரு" என்பதன் பின் ஒருமைதான் வரும். "ஒவ்வொரு ஊர்களிலும்" என்பது பிழை, "ஒவ்வோர் ஊரிலும்" என்பது சரி. உயிரெழுத்துக்கு முன் ஓர், மற்றவற்றுக்கு முன் ஒரு. எதிர்மறையில் அது அன்று, அவை அல்ல. நம் பாட்டிலும் "போலன்று" என்றுதான் இருக்கிறது.

எழுத்துப் பிழையில் காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்துவிடும். "சுவற்றில்" என்று ஏன் எழுதுகிறார்கள்? வயிற்றில், கிணற்றில் என்று எழுதிப் பழகியதால். வயிறு, கிணறு என்பவை "று" என்று முடிகின்றன. அதனால் றகரம் இரட்டிக்கிறது. சுவர் "ர்" என்று முடிகிறது. இரட்டிக்க அங்கே றகரமே இல்லை. ஆகவே சுவரில். ந, ன, ண மயக்கத்துக்கும் இப்படி ஒரு காரணம் உண்டு. டகரத்துக்கு முன் வருவது ண்: வண்டி. றகரத்துக்கு முன் வருவது ன்: மன்றம். தகரத்துக்கு முன் வருவது ந்: பந்து. டண்ணகரம், றன்னகரம், தந்நகரம் என்ற பெயர்களிலேயே இந்த விதி அடங்கியிருக்கிறது. நாக்கு தொடும் இடம் ஒன்றாக இருப்பதால்தான் அவை சேர்ந்து வருகின்றன. மெதுவாகச் சொல்லிப் பாருங்கள், வாயே விடை சொல்லும்.

கடைசியாக, இலக்கணம் கருத்தறிதலுக்கு எப்படி உதவுகிறது என்பதற்கு நம் பத்தியிலேயே ஒரு சான்று. "மணி நான்கு அடித்தபோதே" என்பதில் உள்ள ஏகாரத்தை எடுத்துவிட்டுப் படியுங்கள். "அடித்தபோது விளக்கைப் போட்டாள்" என்றால் அது அன்றாட நிகழ்ச்சி. ஏகாரம் சேர்ந்ததும் "வழக்கத்தைவிட முன்னதாக" என்ற பொருள் வந்துவிடுகிறது. வெளியே இருட்டிவிட்டது என்பதைப் பத்தி வேறெங்கும் சொல்லவில்லை. அந்த ஓர் இடைச்சொல்தான் அதை உணர்த்துகிறது. "குடை மட்டும்" என்பதும் அப்படித்தான். துணிகள் எடுத்தாயிற்று, விளக்குப் போட்டாயிற்று, எல்லாம் ஒழுங்காயிற்று. ஒழுங்குபடாத ஒன்றே ஒன்று அந்தக் குடை.

படி 5: பிழைப் பதிவேடும் இடைவெளி விட்ட பயிற்சியும்

ஒரு சின்ன நோட்டு போதும். இடப்பக்கம் நீங்கள் எழுதிய பிழையான தொடர், வலப்பக்கம் திருத்தம், அதன் கீழே ஒரே வரியில் காரணம். "காய்ந்தத் துணி – காய்ந்த துணி – பெயரெச்சம், மிகாது." காரணத்தை உங்கள் சொல்லில் எழுதுங்கள். புத்தகத்து விதியை அப்படியே பார்த்து எழுதினால் கைதான் பயிற்சி பெறும்.

ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-இல் தம்மையே சோதித்து வெளியிட்ட நினைவாற்றல் ஆய்வு, படித்தது தொடக்கத்தில்தான் மிக வேகமாக மறக்கிறது என்று காட்டியது. எனவே இன்று எழுதிய பிழையை நாளை மறுநாள் ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை, இரண்டு வாரம் கழித்து ஒருமுறை பாருங்கள். பார்ப்பது என்றால் படிப்பது இல்லை. வலப்பக்கத்தைக் கையால் மறைத்துக்கொண்டு, திருத்தத்தையும் காரணத்தையும் நீங்களே சொல்ல வேண்டும். மூன்று முறையும் தடுமாறாமல் சொல்லிவிட்டால் அந்த வரியைக் கோடிட்டு அடித்துவிடலாம்.

நாள்தோறும் நாற்பது நிமிடம் கிடைத்தால், ஒரு நாள் பத்தி, மறுநாள் பாட்டு என்று மாற்றி மாற்றி எடுங்கள். முதல் பத்து நிமிடம் பதிவேடு. அடுத்த இருபது நிமிடம் புதிய பத்தி அல்லது பாட்டு, எழுத்தில் விடையோடு. மீதிப் பத்து நிமிடம் அதே பத்தியில் இலக்கணம் தேடுவது: எத்தனை இடத்தில் ஒற்று மிகுந்தது, ஏன், எங்கே மிகவில்லை, ஏன். இலக்கணத்துக்கென்று தனி நாள் ஒதுக்க வேண்டிய தேவையே பெரும்பாலும் வராது.

வீட்டில் உதவி செய்யும் பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளையின் விடை சரியா தவறா என்று உடனே சொல்லிவிடாதீர்கள். "எந்தச் சொல்லைப் பார்த்து இப்படி எழுதினாய்?" என்று கேளுங்கள். சரியான விடைக்கும் கேளுங்கள். தவறுக்கு மட்டும் கேட்டால் கேள்வி வந்ததுமே பிள்ளை விடையை மாற்றிவிடும்.

படி 6: தேர்வு நேரத்தில்

பத்தியைப் படிக்கும் முன் வினாக்களை ஒருமுறை பார்த்துவிடுங்கள். எதைத் தேடிப் படிக்கிறோம் என்பது தெரியும். வினாவில் உள்ள ஏவல் சொல்லை வட்டமிடுங்கள். "குறிப்பிடுக" என்றால் பெயர் போதும், "விளக்குக" என்றால் காரணம் வேண்டும், "ஒப்பிடுக" என்றால் இரண்டு பக்கமும் வர வேண்டும். "இரண்டினை எழுதுக" என்று கேட்டிருக்கும்போது நான்கு எழுதுவது நேர இழப்பு.

நயம் பாராட்டும் பாட்டை மனத்துக்குள் ஒலித்துப் படியுங்கள். உதடு அசைந்தாலும் பரவாயில்லை. முதலில் பொருளை இரண்டு வரியில் எழுதிவிட்டு நயத்துக்குப் போங்கள்; பொருள் பிடிபடாமல் எதுகையைத் தேடத் தொடங்கினால் விடை பட்டியலாகிவிடும்.

கடைசி ஐந்து நிமிடத்தை ஒற்றுக்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக எதையும் எழுத வேண்டாம். தாளின் முதல் பக்கத்திலிருந்து "ஐ", "கு" இரண்டு உருபுகளை மட்டும் தேடிக்கொண்டே வாருங்கள். அவற்றின் பின்னால் க, ச, த, ப எங்கே நிற்கிறதோ அங்கே பேனாவை நிறுத்துங்கள்.